எண்ணிக் கட்டு, தங்கச்சி! மணித்தலை ஈ கட்ட அக்காவின் டிப்ஸ்

போன மாசம் பழவேற்காட்டுக்கு வந்தப்ப, கோட்டைக்குப்பத்து வீட்டுத் திண்ணையில நீ கட்டி வச்சிருந்த தூண்டில் ஈயை எடுத்துப் பார்த்தேன். மணி பளபளன்னு இருந்துச்சு, மயிலிறகு மின்னுச்சு. ஆனா மொத்தத்துல அது ஈயா இல்ல, கொழுக்கட்டையா இருந்துச்சு. சொன்னதும் உன் முகம் சுருங்கிப்போச்சு. பஸ்ஸுக்கு நேரமானதால பாதியில விட்டுட்டு வந்துட்டேன். மிச்சத்தை இப்ப எழுதறேன். உன்கூட உட்கார்ந்து கட்டற அந்த மூணு பொண்ணுங்களுக்கும் படிச்சுக் காட்டு.

உப்புத்தண்ணியில பொறந்த எனக்கு இந்த வேலை எப்படி வந்துச்சுன்னு ஊர்ல இன்னும் கேக்கறாங்க. வாக்கப்பட்டது ஊட்டியைத் தாண்டி எமரால்டு பக்கம். உன் மாமா டீ ஃபேக்டரிக்குப் போனா வீட்ல நானும் மழையும்தான். பக்கத்து வீட்டுல எஸ்டேட்ல கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, எறும்பு அளவு முள்ளுல நூல் சுத்திக்கிட்டே இருப்பார். ஒருநாள் அவர் கையில நூல் அறுந்துபோச்சு. நான் வலை முடிச்சுப் போட்டு இழுத்துக் கொடுத்தேன். "எந்த ஊரும்மா நீ?"ன்னு கேட்டார். அன்னிக்கு ஆரம்பிச்சது.

அவர் கட்டினது ட்ரவுட் மீனுக்கான ஈ. ட்ரவுட் நம்ம நாட்டு மீன் கிடையாது. இந்திய மீன்களைப் பத்திப் பெரிய நூல் எழுதின பிரான்சிஸ் டே 1863-லயே நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார், நடக்கல. அப்புறம் ஹெச்.சி. வில்சன் காலத்துல, 1907-ல, அவலாஞ்சியில பொரிப்பகம் வச்ச பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் அந்தக் குளிர் ஓடைகள்ல நிலைச்சுது. அந்த மீனுக்குத் தண்ணி சில்லுன்னு இருக்கணும், ஓடணும். பெரும்பாலும் அடியில கல்லுக்கு நடுவுல உருண்டு வர்ற பூச்சிக் குஞ்சுகளைத்தான் தின்னும். அந்தக் குஞ்சு மாதிரி ஒண்ணை முள்ளுல கட்டி, தலையில ஒரு மணி கோத்து, அடிக்கு இறக்கறோம். அவ்வளவுதான் மணித்தலை ஈ.

இதுல ஒரு வேடிக்கை கேளு. 1613-ல நம்ம ஊர்ல கெல்டிரியா கோட்டை கட்டினது ஒல்லாந்துக்காரங்க. 1980-கள்ல இந்தப் பொன்மணித் தலை ஈயை ஐரோப்பாவுல பேச வச்சவங்கள்ல ஒருத்தரான தியோ பாக்கெலாரும் ஒல்லாந்துக்காரர்தான். கோட்டை போயிடுச்சு, கல்லறைதான் மிச்சம்னு சொல்வோமே, இப்ப உன் திண்ணையில மணியும் வந்து உட்கார்ந்திருக்கு.

சரி, வேலைக்கு வா.

1. முதல்ல முள்ளைச் சாதுவாக்கு

முள்ளு முனைக்குப் பின்னால எதிர்த்து நிக்குமே ஒரு குட்டிப் பல்லு, அதைத் தட்டைமூக்குக் குறடால அமுக்கிப் படுக்க வச்சிடு. ரெண்டு காரணம். ஒண்ணு, பிடிச்ச மீனைக் காயம் பெருசா ஆகாம கழட்டி விடலாம். இன்னொண்ணு, அந்தப் பல்லு இருந்தா சின்ன மணி உள்ள ஏறாது. கட்டி முடிச்சப்புறம் அமுக்கலாம்னு நினைக்காதே. சின்ன முள்ளு அமுக்கும்போதே சில சமயம் ஒடியும். வெறும் முள்ளு ஒடிஞ்சா சில்லறைதான் போகும், கட்டின ஈ ஒடிஞ்சா அரைமணி நேரமும் சேர்ந்து போகும்.

2. மணி வாங்கப் போகும்போது காந்தம் எடுத்துட்டுப் போ

பாரிமுனைச் சந்துகள்ல ஆரி வேலைக்கும் நகை கோக்கவும் விக்கிற மணி மலிவா கிடைக்கும். ஆனா பொன் நிறத்துல இருக்கறதெல்லாம் பித்தளை இல்ல. ஃபிரிட்ஜுல ஒட்டற காந்தத்தை மணி மேல காட்டு. ஒட்டிக்கிச்சுன்னா உள்ள இரும்பு. மேல்பூச்சு போனதும் நம்ம உப்புக்காத்துல ஒரு வாரத்துல துருப்பிடிச்சுடும். பிளாஸ்டிக் மணி பார்வைக்கு ஒண்ணா இருக்கும், உள்ளங்கையில போட்டாலே எடை தெரிஞ்சுடும். கண்ணாடி மணி தப்பில்ல. ஓட்டமில்லாத, ஆழமில்லாத தண்ணிக்கு மெதுவா இறங்கற ஈ வேணும்னா அதுதான் சரி.

டங்ஸ்டன் மணின்னு ஒண்ணு இருக்கு. பித்தளையை விட ரெண்டு மடங்குக்கு மேல கனம், விலையும் அப்படியே. வேகமா ஓடற ஆழமான மடுவுக்கு அது வேணும். பழகற வரைக்கும் பித்தளை போதும்.

3. முள்ளு நம்பர் தலைகீழ்

இதுல எல்லாரும் ஒரு தடவை ஏமாறுவாங்க. நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும். 12 பெருசு, 18 பொடிசு. மணிக்கு ஒரு மனக்கணக்கு வச்சுக்கோ: 18-ம் நம்பருக்கு 2 மில்லிமீட்டர், 16-க்கு 2.5, 14-க்கு 3, 12-க்கு 3.5. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். கண்ணால பார்க்கறப்ப மணி முள்ளோட திறப்பை அடைக்கக்கூடாது. அடைச்சா மீன் வாயில முள்ளு ஏற இடமிருக்காது.

நீ 16-ம் நம்பர்ல 3.5 மணி போட்டிருந்தே. உன் கொழுக்கட்டைக்குப் பாதிக் காரணம் அதுதான். 14-லேயே ஆரம்பி. நூறு கட்டின பிறகு 16-க்குப் போ.

4. சின்ன ஓட்டை முன்னால

நல்ல மணியை வெளிச்சத்துல திருப்பிப் பாரு. ஒரு பக்கம் ஓட்டை சின்னது, மறுபக்கம் குடைஞ்சு அகலமா இருக்கும். சின்ன ஓட்டைப் பக்கத்தை முள்ளு முனையில முதல்ல கோத்து, தண்டு வழியா காது வரைக்கும் தள்ளு. அப்பதான் சின்ன ஓட்டை காதுல முட்டி நிக்கும். அகலமான பக்கம் பின்னால வரும், கடைசி முடிச்சு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். மாத்திக் கோத்தா மணி காதைத் தாண்டி வழுக்கிக்கிட்டே இருக்கும்.

5. ஈயத்தைத் தொடாதே, வாயில வைக்கவே வைக்காதே

நைனா வலைக்கு ஈயக்குண்டு கோக்கும்போது நாலஞ்சைப் பல்லுல கடிச்சு வச்சுப்பாரே, அந்தப் பழக்கம் உனக்கும் இருக்கு. விட்டுடு. ஈயம் கொஞ்சம் கொஞ்சமா உடம்புல சேர்ற நஞ்சு. எடைக்குன்னு சிலர் ஈயக்கம்பியைத் தண்டுல சுத்துவாங்க. நமக்குத்தான் மணி இருக்கே. அன்னங்கள் பொடி ஈயக்குண்டை விழுங்கிச் செத்ததாலதான் இங்கிலாந்துல 1987-ல தூண்டிலுக்கான சின்ன ஈய எடைகளைத் தடை பண்ணாங்க. நம்ம ஏரியில பூநாரை தலையைக் கவுத்து வச்சு சேத்தை அலசித் தின்றதை நீ தினம் பார்க்கறே. அந்தச் சேத்துல அறுந்து விழறது பித்தளையாவே இருக்கட்டும்.

6. எந்த இறகு சேரும், எது கூடாது

காட்டுக்கோழி இறகு வேணும்னு யாராவது கேட்டா, எவ்வளவு காசு கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடு. அதோட கழுத்து இறகுல மெழுகு மாதிரி வெள்ளைப் பொட்டு இருக்கும். வெளிநாட்டு ஈ கட்டறவங்க அதுக்கு உசிரை விடுவாங்க, அதனாலேயே அந்தக் கோழி ரொம்ப அழிஞ்சது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை.

மயிலிறகுக்குத் தானா உதிர்ந்ததை மட்டும் எடு. முருகன் கோயில் வாசல் கடையில விக்கறது போதும். அதையும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. மயிலிறகு வச்சுக் கட்டின ஈயும் அதுல அடங்கும். வெளிநாட்டு ஆர்டர் வந்தா உடம்புக்குக் கம்பளி இழையைச் சுத்து.

வால் மயிருக்கும் கழுத்துப் பட்டைக்கும் நம்ம வீட்டுச் சேவலும் பெட்டையும் போதும். நாட்டுச் சேவலோட கழுத்திறகு மிருதுவா, தண்ணியை உறிஞ்சற சுபாவமா இருக்கும். தண்ணி மேல மிதக்கிற ஈக்கு அது குறை, அடியில போற நம்ம ஈக்கு அதுவே நிறை. ஞாயித்துக்கிழமை கறிக்கடையில கேட்டா சும்மாவே கொடுப்பாங்க. பூந்திக்கொட்டைத் தண்ணியில அலசி, நிழல்ல காயவச்சு, வேப்பிலையோட டப்பாவுல போடு. ஈரம் துளி இருந்தாலும் பூஞ்சை பிடிச்சுடும்.

உடம்பை உருட்ட நூலோட சேர்த்துத் திரிக்கிற கம்பளிக்கு, நான் கொண்டுவந்து போட்ட பழைய ஊட்டி ஸ்வெட்டர் பெட்டியில கிடக்கும். பழுப்பு, சாம்பல் நிறத்துல பிரிச்சு, கத்திரியால பொடியா நறுக்கிக்கோ. கம்பளியைக் கேவலமா நினைக்காதே. கிட்டத்தட்ட 1800 வருஷத்துக்கு முன்னால ஏலியன்ங்கிறவர் எழுதி வச்சிருக்கார், மாசிடோனியாவுல முள்ளுல சிவப்புக் கம்பளி சுத்தி, ரெண்டு சேவல் இறகு கட்டி மீன் பிடிச்சாங்கன்னு. இன்னிக்கு உன் மடியில இருக்கிற சாமானும் அதேதான்.

7. செம்புக் கம்பி: மோட்டார் கடைக் குப்பையில பொன்

பொன்னேரியில மோட்டார் காயில் கட்டற கடையில கழிச்சுப் போட்ட கம்பி கேளு. 36-லேருந்து 40 கேஜ் வரைக்கும் இருந்தா சரி. தலைமயிரை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். இந்தக் கம்பி மூணு வேலை செய்யும். எடை கொடுக்கும், பூச்சிக்கு வயித்து வரி போடும், மயிலிறகு இழையை அறுந்துபோகாம காப்பாத்தும். இங்கிலாந்துல ஏவன் ஆத்துல நீர்க்காவல் பார்த்த ஃபிராங்க் சாயர்ங்கிறவர், நூலே இல்லாம செம்புக் கம்பியை மட்டும் வச்சு ஈ கட்டிப் பேர் வாங்கினார். நூலுக்குப் பதில் கம்பி, கம்பியே எடை. சிக்கனக்காரங்களுக்குப் பிடிச்ச வேலை!

8. நூலை எண்ணிச் சுத்து

இதுதான் முக்கியம். மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

வலை பின்னும்போது கண்ணை எண்ணாம பின்னுவியா? ஒரு கண் கூடினாலே பாவு இழுத்துக்கும்னு நைனா தலையில குட்டுவார். ஈயிலயும் அதே கணக்கு. ஆரம்பப் பிடிப்புக்கு ஆறு சுத்து. வால் கட்ட நாலு. கம்பி கட்ட மூணு. இழை கட்ட மூணு. பயத்துல "எதுக்கும் இருக்கட்டும்"னு ரெண்டு ரெண்டா கூட்டினா, முடிக்கிறப்ப எட்டுச் சுத்து அதிகம். 16-ம் நம்பர் முள்ளுல எட்டுச் சுத்துன்னா பூச்சிக்குத் தொப்பை. தொப்பை போட்ட ஈ மெதுவா இறங்கும், மீன் இருக்கிற ஆழத்துக்குப் போறதுக்குள்ள ஓட்டம் அதைத் தூக்கிட்டுப் போயிடும்.

குறைச்சுச் சுத்தினா அவிழாதான்னு கேப்பே. அவிழாம இருக்கறது எண்ணிக்கையால இல்ல, இறுக்கத்தால. நூல் அறுந்துபோற அளவு எதுன்னு முதல்ல வெறும் முள்ளுல சுத்தி இழுத்து இழுத்துப் பாரு. அஞ்சாறு தடவை அறு. அந்த எல்லைக்கு ஒரு மயிரளவு முன்னால நிக்கப் பழகினா மூணு சுத்தே போதும்.

மெஷின் எம்ப்ராய்டரி நூல்ல மெல்லிசா இருக்கிறது நமக்கு ஒத்துவரும். அது முறுக்கா இருந்தா கயிறு மாதிரி மேடு தட்டும். நூல் உருளையைத் தொங்கவிட்டு இடப்பக்கமா, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா, சுழல விடு. முறுக்குப் பிரிஞ்சு நாடா மாதிரி தட்டையா படியும். கை எடுக்கிறப்ப நூல் தளராம இருக்க அதுல ஒரு துணிக்கிளிப்பை மாட்டித் தொங்கவிடு.

9. கட்டற வரிசை

முள்ளைப் பிடிக்க வைஸ் வாங்கக் காசில்லன்னா, தட்டார் கடையில கைக்குள்ள பிடிக்கிற சின்னத் திருகுப்பிடி கிடைக்கும். அதைப் பலகை ஓரத்துல இறுக்கிக் கட்டு. முள்ளோட வளைவை மட்டும் அது கவ்வணும், தண்டு படுக்கையா நிக்கணும். இப்ப வரிசையா:

அ. மணி காதுல முட்டி நிக்குது. அதுக்குப் பின்னால நூலைத் தொடங்கி, மணி பின்னால நழுவாம ஆறு சுத்து.

ஆ. சேவல் இறகுலேருந்து அஞ்சாறு மயிரைச் சேர்த்துக் கிள்ளு. வால் நீளம் தண்டுல பாதி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மயிரைத் தண்டு மேலேயே அமுக்கிப் பிடிச்சு, நூலை அந்தக் கிள்ளுக்குள்ளேயே ஏத்தி இறக்கு. விரலை விட்டுட்டுச் சுத்தினா மயிரு பக்கவாட்டுல சுருண்டு போயிடும்.

இ. அதே இடத்துல கம்பியைக் கட்டு. மணிக்குப் பின்னால இருந்தே கம்பி படுத்து வரட்டும், அப்பதான் உடம்பு ஒரே சீரா வரும்.

ஈ. மயிலிறகோட ஓரத்து இழை மூணு எடு. நுனி முறுமுறுன்னு ஒடியும், அரை விரல் அளவு நறுக்கிட்டு மிச்சத்தை நுனிப்பக்கமாக் கட்டு. விரலை நனைச்சு ஒரு தடவை தடவினா வளைஞ்சு கொடுக்கும். நூலை முன்னால கொண்டுபோயிடு.

உ. இழையை ஒண்ணோட ஒண்ணு ஏறாம மணி வரைக்கும் சுத்து. ரெண்டு நூல் சுத்துல கட்டு.

ஊ. இப்ப கம்பி. இழையை எந்தப் பக்கம் சுத்தினியோ அதுக்கு எதிர்ப்பக்கமா, நாலஞ்சு வரி. ஒரே பக்கம் சுத்தினா கம்பி இழைக்குள்ள புதைஞ்சுடும். மீன் பல்லு பட்ட முதல் தடவையே உடம்பு பிரிஞ்சுடும். கம்பியைக் கத்திரியால வெட்டாதே, வாய் மழுங்கும். அசைச்சு அசைச்சு ஒடி.

எ. கழுத்துக்கு ஒரு சிட்டிகை கம்பளி. சிட்டிகைன்னா நீ குழம்புல போடற சிட்டிகை இல்ல, காத்துல ஊதினா பறக்கிற அளவு. நூல்ல ஒரே பக்கமாத் திரிச்சு ரெண்டு சுத்து. அதுதான் காலு.

ஏ. மணிக்குப் பின்னால மூணு சுருக்கு முடிச்சு, ஒண்ணொண்ணையும் இழுத்து இறுக்கி அந்தக் குடைவுக்குள்ள இறக்கு. ஊசி முனையில ஒரு துளி நெயில் பாலிஷ். முடிஞ்சது.

10. காதைப் பாரு, காதைப் பாரு

இது என் சொந்தக் கதை. எமரால்டுல ரெண்டாவது வருஷம் ஒரு வியாபாரிக்கு இருநூறு ஈ கட்டிக் கொடுத்தேன். ஒரு மாசத்துல அறுபது திரும்பி வந்துச்சு. கட்டுல குத்தமில்ல, இழையில குத்தமில்ல. நெயில் பாலிஷ் வழிஞ்சு காது ஓட்டைக்குள்ள காஞ்சு கிடந்துச்சு. குளிர்ல விரல் விறைச்சு, முழங்கால் தண்ணியில நிக்கிற ஆளு, காது அடைச்ச ஈயில தங்கூசியை எப்படிக் கோப்பான்? அறுபதையும் ஊசியால குத்திச் சுரண்டினேன். இருபத்திரண்டுல நூலையும் சேர்த்துக் குத்திக் கெடுத்தேன்.

அன்னிலேருந்து பாலிஷ் வச்ச கையோட, கோழி இறகுத் தண்டோட நுனியைக் காதுக்குள்ள விட்டு ஒரு தடவை இழுத்துடுவேன். ஒரு நொடி வேலை. கட்டி முடிச்சதைத் தட்டுல வைக்கிறதுக்கு முன்னால வெளிச்சத்துல தூக்கிப் பாரு. ஓட்டை வழியா வானம் தெரியணும்.

11. உப்புக்காத்துக்குத் தப்பிக்க

மலையில எனக்கு இந்தத் தொல்லை இல்ல. உன் வீட்டுல ஜன்னலைத் திறந்தா ஏரி, கதவைத் திறந்தா கடல். முள்ளு டப்பாவைத் திறந்து போட்டா ராத்திரிக்குள்ள வேர்க்கும். மூடி இறுக்கமான டப்பாவுல ஒரு துண்டு சாக்பீஸோ, வறுத்து ஆறவச்ச அரிசி முடிஞ்ச துணியோ போடு. மருந்து பாட்டில், செருப்புப் பெட்டியில வர்ற சிலிக்கா பொட்டலம் கிடைச்சா இன்னும் நல்லது. நண்டு உடைச்ச கையோட முள்ளைத் தொடாதே. கையைக் கழுவித் துடைச்சிட்டு உட்கார். விரல் உப்பு பட்ட பித்தளை ஒரு மாசத்துல பச்சை பூக்கும். பூத்துட்டா புளியால தேய்க்கலாம், ஆனா கோக்கிறதுக்கு முன்னாலதான்.

12. கண்ணு உன்னோடது

ராத்திரி ட்யூப்லைட்டுல கட்டாதே. காலையில எட்டுலேருந்து பத்து வரை திண்ணை வெளிச்சம் போதும். மடியில வெள்ளைத் துணி விரிச்சுக்கோ. விழுந்த மணியும் கிடைக்கும், முள்ளும் குழந்தைங்க காலுல ஏறாது. பாய் மேல உட்கார்ந்து இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

நாலு பேரும் ஆளுக்கொரு ஈயை முழுசாக் கட்டாதீங்க. முதல் நாள் முள்ளை அமுக்கி மணி கோக்கறது மட்டும். அடுத்த நாள் வாலும் கம்பியும். கை ஒரே வேலையில பழகினாத்தான் ஒரே அளவு வரும்.

விக்கறதைப் பத்தி ஒண்ணு. கென்யாவுலயும் இலங்கையிலயும் பொண்ணுங்க பட்டறையில உட்கார்ந்து கட்டி உலகத்துக்கே அனுப்பறாங்க. விலையில அவங்ககூட மோத முடியாது. நீலகிரி, மூணாறு, இமாச்சல், காஷ்மீர்னு நம்ம நாட்டுலயே ட்ரவுட் பிடிக்கிறவங்க இருக்காங்க. அவங்க கேட்கிறது பன்னிரண்டு வாங்கினா பன்னிரண்டும் ஒண்ணா இருக்கணும்கிறதுதான்.

13. எங்க போடலாம், எங்க கூடாது

இந்த ஈயை நம்ம ஏரியில போட்டா மீன் மாட்டுமான்னு உன் தோழி கேட்டா. ட்ரவுட் மாட்டாது, அதுக்கு இங்க சூடு தாங்காது. மடவை சேத்துப் பாசியை மேயற சாதி, ஈயைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கொடுவா வேட்டையாடற மீன், அதுக்கு இறால் மாதிரி பெருசாக் கட்டணும். உப்புக்குத் துருப்பிடிக்காத முள்ளும் வேணும். அது வேற பாடம்.

ஆனா ஏரியில எங்க வேணா வீசலாம்னு இல்ல. யாரோட பாடு, அதாவது மீன் பிடிக்கிற முறை, ஓடுதோ அங்க தூண்டிலோட போய் நிக்காதே. முறை வச்சுப் பிழைக்கிற ஊர் இது, உனக்குத் தெரியாததா? மலையிலயும் அப்படித்தான். ட்ரவுட் இருக்கிற ஓடையில பல இடம் காட்டுக்குள்ள இருக்கு. மீன்வளத்துறை உரிமமும் வனத்துறை அனுமதியும் கேட்காம யாரும் இறங்கக்கூடாது. உன்கிட்ட ஈ வாங்கறவங்களுக்கும் இதைச் சொல்லு.

14. பாட்டில் பரீட்சை

கடைசி டிப்ஸ். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கல, நானே கண்டுபிடிச்சது.

ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலோட கழுத்தை வெட்டிட்டுத் தண்ணி ஊத்து. கட்டின பன்னிரண்டு ஈயையும் விரல்ல நனைச்சு, உள்ள சிக்கின காத்தைப் பிதுக்கி எடு. ரெண்டு ரெண்டாத் தண்ணி மேல பிடிச்சு, ஒரே நேரத்துல விடு. ரெண்டும் ஒண்ணாத் தரை தொட்டா நீ எண்ணித்தான் கட்டியிருக்கே. ஒண்ணு பின்தங்கினா அதை எடுத்துத் தனியா வை.

பின்தங்கினதைத் தூக்கிப் போடாதே. பழைய பிளேடால தண்டு நெடுக அறுத்துப் பிரி. முள்ளும் மணியும் மறுபடி உதவும். பிரிக்கும்போது நூல் சுத்தை எண்ணிக்கிட்டே வா. எங்க கூடுச்சுன்னு விரலே சொல்லிடும்.

நைனா புது வலையைக் கடலுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால முழங்கால் தண்ணியில விரிச்சு நின்னு பார்ப்பாரே, ஞாபகம் இருக்கா? ஒரு சாண் இடத்துல ஈயக்குண்டு தவறியிருந்தாலும் அடிக்கயிறு அங்க தூக்கிக்கும். உடனே கரைக்கு இழுத்து வந்து, அந்த ஒரு சாணை மட்டும் அவுத்துக் கட்டுவார். அவருக்குக் கடல், உனக்குப் பாட்டில்.

அடுத்த மாசம் வர்றேன். பன்னிரண்டு கட்டி வை. பாட்டிலை நானே வெட்டி எடுத்துட்டு வர்றேன்.